ரேடியேட்டரில் சாய்ந்திருந்தவன்

நான் எழுதுவது கற்பனை இல்லை. என் வேலைக் குறிப்பேடு இப்போதும் என் முன்னால் திறந்து கிடக்கிறது. அன்று எத்தனை மணிக்கு எதைத் திறந்தேன், எதை மூடினேன் என்று அதில் நானே எழுதியிருக்கிறேன். இரண்டு விஷயங்களை மட்டும் அன்றைக்கு எழுதக் கை வரவில்லை. அவற்றையும் இங்கே சேர்க்கிறேன்.

என் பெயர் ட்ரெவர் ஹின்ச்க்ளிஃப். இங்கிலாந்தில் பார்ன்ஸ்லியில் முப்பத்தொரு வருடமாக, வீடுகளுக்குச் சூடேற்றும் பாய்லர் வேலை பார்க்கிறேன். பாய்லரில் காயும் தண்ணீர் குழாய் வழியாக அறை அறையாக ஓடி, சுவரோரத்து ரேடியேட்டர்களைச் சூடாக்கிவிட்டுத் திரும்பும். நாளடைவில் உள்ளே இரும்பு அரித்துக் கருப்புச் சேறாகும். சேறு அடைத்தால் அறை குளிரும். அதைப் பிடிக்கத்தான் திரும்பி வரும் குழாயில் காந்த ஃபில்டர் மாட்டுகிறோம்.

பெரில் ஃபெர்த் வீட்டில் அக்டோபரில் ஃபில்டர் மாட்டியது நான்தான். பிளாஸ்டிக்கா, பித்தளையா என்று கேட்டேன்.

"உங்கம்மா வீடா இருந்தா எதை மாட்டுவியோ அதையே மாட்டு கண்ணு."

பெரிய காந்தம் உள்ள பித்தளையை எடுத்தேன். அவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"இத என் முட்டியில கட்டினா மூட்டுவலி போயிடுமா?"

"வலி போவாது மிஸஸ் ஃபெர்த். ஃப்ரிட்ஜ்ல போய் ஒட்டிக்குவீங்க."

ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை அவரே போன் செய்தார். குரலில் சிரிப்பு இல்லை. கணவர் லெஸ்ஸுக்கு நுரையீரல் முடிந்துவிட்டது. இனி நாள் கணக்குதான். ஆஸ்பத்திரியில் சாக மாட்டேன், வீட்டுக்குப் போக வேண்டும் என்று அடம். மாலை ஐந்து மணிக்கு ஆம்புலன்ஸில் வருகிறார். முன்னறையில் கட்டில் போட்டாயிற்று. நர்ஸ் ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார். அந்த அறையில் இருபத்தொரு டிகிரி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வந்த வண்டியிலேயே வார்டுக்குத் திருப்பிவிடுவார்கள்.

மதியம் 1.15க்குப் போய்ச் சேர்ந்தேன். வெளியே மைனஸ் நான்கு. முன்னறையில் பதினான்கு.

சூட்டைப் படம் காட்டும் கேமராவை ரேடியேட்டர் மேல் பிடித்தேன். சூடான இடம் மஞ்சளாகவும் குளிர்ந்த இடம் நீலமாகவும் தெரியும். சேறு எப்போதும் அடியில், நடுவில், மணல்மேடு போலப் படியும். இங்கே நீலம் மேல் விளிம்பு வரை ஏறியிருந்தது. அடியில் அகலம். மேலே இரண்டு தோள்கள். அதற்கும் மேலே ஓர் உருண்டை.

யாரோ தரையில் உட்கார்ந்து முதுகைச் சாய்த்த மாதிரி... நான் சிரித்துக்கொண்டேன்.

1.40. ஃபில்டரைத் திறந்தேன். ஒரு வருடத்துக் கசடு. மூன்று மாதத்தில்! காந்தத்தை உருவி, வாளியில் கழுவி மாட்டினேன். ரேடியேட்டரைக் கழற்றிக் கொல்லைக்குத் தூக்கிப்போய்க் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சினேன். கருப்புத் தண்ணீர் தெளிந்து வரும் வரை விடவில்லை.

2.30. திரும்ப மாட்டிப் பாய்லரைப் போட்டேன். கேமராவில் முழு மஞ்சள். பெரில் என் கையில் டீயைக் கொடுத்தார்.

"நீ நல்லா இருப்ப கண்ணு. சர்க்கரை மூணு போட்டிருக்கேன், உன் வீட்டுக்காரிகிட்ட சொல்லிடாத."

அரைக் கோப்பை குடித்திருப்பேன். முன்னறைக்கு வெளியே நடையில் கால் ஜில்லிட்டது.

2.50. நடையில் உள்ள ரேடியேட்டர். அதே தோள்கள். அதே உருண்டை. ஆனால் நடுவில் இல்லை... முன்னறைக் கதவை ஒட்டிய ஓரத்தில்.

3.05. மறுபடி ஃபில்டரைத் திறந்தேன். நிரம்பி வழிந்தது. ஒரு வருடத்துக் கசடு, இப்போது முப்பத்தைந்து நிமிடத்தில்! கழுவினேன். எங்கள் வழக்கப்படி, பரிசோதனைச் சாலைக்கு அனுப்ப ஒரு குப்பியில் தண்ணீர் பிடித்தேன். அழுக்கே இல்லை. பளிங்கு மாதிரி இருந்தது. துருப்பிடிக்காமலிருக்க மருந்து கலந்த பாய்லர் தண்ணீர் அப்படி இருக்காது.

3.50. வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. நடை ரேடியேட்டரின் இரண்டு வால்வையும் இறுக்கி மூடினேன்.

சொட்... சொட்... சொட்...

எங்கேயோ ஒழுகல். ஒவ்வொரு இணைப்பிலும் காகிதம் வைத்துப் பார்த்தேன். எல்லாம் காய்ந்திருந்தன. ஆனால் கம்பளம் நனைந்திருந்தது. ரேடியேட்டர் அடியில் இல்லை. அங்கிருந்து முன்னறைக் கதவு வரை... திட்டுத் திட்டாக.

4.25. முன்னறை ரேடியேட்டர் சில்லென்று இருந்தது. கேமராவைத் தூக்கப் பயமாக இருந்தது. தூக்கினேன்.

அவன் உள்ளே வந்துவிட்டான்.

குறிப்பேட்டில் நான் எழுதாமல் விட்டதில் இது ஒன்று.

பெரில் மாடியிலிருந்து மின்சார ஹீட்டரைத் தூக்கி வந்தார். போட்டோம். சுவரில் இருந்த வெப்பமானி... பதினெட்டு. பதினாறு. பதின்மூன்று.

"ஆஸ்பத்திரிக்குப் போன் போடுங்க. இன்னிக்கு வேணாம்னு சொல்லுங்க."

"வண்டி கெளம்பிடுச்சுப்பா. திருப்பி அனுப்பினா அங்கயே போயிடுவாரு." என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏதாவது பண்ணு ட்ரெவர்."

என்ன பண்ணுவேன்? முப்பத்தொரு வருட வேலை. எல்லா வால்வையும் திறந்தேன். எல்லாவற்றையும் மூடினேன். பம்பைத் தட்டினேன். எதுவும் எடுபடவில்லை.

5.04. ஆம்புலன்ஸ்.

"எறங்குங்க மாப்பிள்ள, மாமியார் வீடு வந்தாச்சு!" என்றபடி இரண்டு பேர் லெஸ்ஸைச் சக்கர நாற்காலியில் உள்ளே தள்ளி வந்தார்கள். எலும்பும் தோலுமாக இருந்தார். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். மேலே சட்டை, ஸ்வெட்டர், கோட்டு, போர்வை.

அவர் யாரையும் பார்க்கவில்லை. ரேடியேட்டரைப் பார்த்தார்.

"கதவச் சாத்து பெரில். அவன் தொப்பலா நனைஞ்சிருக்கான்."

"யாருங்க?"

லெஸ் ரேடியேட்டரைக் காட்டினார்.

"என்னை அங்க தள்ளு."

தள்ளினார்கள். 5.09. ரேடியேட்டர் ஒருமுறை டிக் என்றது. கை வைத்தேன். சுட்டது! வெப்பமானி ஏறியது. பதினாறு... இருபது... இருபத்திரண்டு.

"குளிரக் கூடாதுன்னு நர்ஸ் பயமுறுத்தினாங்களே அம்மா? எனக்கே இங்க படுக்கணும் போல இருக்கு." ஆம்புலன்ஸ்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

கேமராவைப் பார்த்தேன். ரேடியேட்டர் முழு மஞ்சள். நீலமே இல்லை.

கேமராவை லெஸ் பக்கம் திருப்பினேன்.

முகம் மஞ்சள்.

மார்பின் குறுக்கே இரண்டு நீலக் கோடுகள்.

கோடுகளின் முனையில்... விரல்கள்.

பின்னாலிருந்து கட்டிப் பிடித்திருந்தான்.

இது இரண்டாவது.

யாரிடம் சொல்வது? என்னவென்று சொல்வது? பெரில் அழுதுகொண்டே என் கன்னத்தில் முத்தம் கொடுத்தார். "நீதான் அவரு ஆசையக் காப்பாத்துன." சாமான்களை அள்ளிக்கொண்டு 5.40க்கு வெளியேறினேன். திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் கோழைத்தனத்துக்கு எனக்கு மன்னிப்பு கிடையாது.

மறுநாள் காலை லெஸ் இறந்துவிட்டார். இருபத்து நான்கு டிகிரி அறையில் உடம்பு இப்படி விறைக்குமா என்று டாக்டர் இரண்டு முறை கேட்டாராம்.

மூன்று வாரம் கழித்துப் பரிசோதனைச் சாலையிலிருந்து ஒரு பெண் பேசினாள்.

"நீங்க அனுப்பின குப்பி, அது பாய்லர் தண்ணிதானே சார்?"

"ஏன்?"

"கடல் தண்ணி சார் அது. ஒரு சொட்டு மருந்துகூட இல்ல."

எங்கள் ஊரிலிருந்து கடல் அறுபது மைல்.

அன்று மாலையே பெரில் வீட்டுக்குப் போனேன். நடையில் நின்றபடியே சொன்னேன். அவர் முன்னறைக் கதவைப் பார்த்தபடி பேசினார்.

"பத்தொம்பது வயசுல மீன்பிடிக் கப்பல்ல இருந்தாரு. பனிக்கட்டி ஏறிக் கப்பல் கவுந்துடுச்சு. தெப்பத்துல ரெண்டே பேரு. இவரு ரெண்டு கோட்டுப் போட்டிருந்தாரு. இன்னொருத்தன் சட்டையோட இருந்தான். ஒண்ணு குடுடான்னு ராத்திரி பூரா கேட்டானாம்... இவரு குடுக்கல, விடியறதுக்குள்ள அவன் விறைச்சுப் போயிட்டான். கல்யாணமாகி அம்பது வருசம், எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்ல. நீ போனப்புறம் அன்னிக்கு ராத்திரிதான் சொன்னாரு. சொல்லிட்டுக் கோட்டு, ஸ்வெட்டர், சட்டை எல்லாத்தையும் கழட்டச் சொன்னாரு. நான் மாட்டேன்னேன். தானே கழட்டி ரேடியேட்டர் மேல போட்டாரு. வெறும் மேலோடதான் போனாரு."

முன்னறைக் கதவைத் திறந்தார். அனல் முகத்தில் அடித்தது. ரேடியேட்டர் கை வைக்க முடியாத சூட்டில் இருந்தது. அதன் மேல் லெஸ்ஸின் கோட்டு கிடந்தது.

"மூணு வாரமாச்சு ட்ரெவர். ஸ்வெட்டரையும் சட்டையையும் காணோம். கோட்டு மட்டும் அப்படியே கெடக்கு. தொட்டுப் பாரு."

தொட்டேன்.

நனைந்திருந்தது. கோட்டின் கைகளுக்குள் யாரோ கை நுழைத்தது போல, அது புடைத்திருந்தது.