சனிக்கிழமை பத்து மணிக்கு

பிரசாந்தினி எதையெல்லாம் வென்றாள் என்று கேட்டால், அவளுடைய அண்ணன் குகதாசன் ஒன்றும் விடாமல் சொல்லுவான். இரண்டு தரம் அவளைத் திருப்பி அனுப்பிய மருத்துவப் பரிசோதனை. பெண்பிள்ளைக்கு எதற்குப் பிளேன் என்று கேட்ட சொந்தம். விமானி என்றதும் தேத்தண்ணீரைக்கூடக் குடித்து முடிக்காமல் எழும்பிப் போன மாப்பிள்ளை வீட்டார். கடைசியில், யாரும் போக விரும்பாத ஒரு வேலை: அவுஸ்திரேலியாவின் நடுவே, அலிஸ் ஸ்பிறிங்சிலிருந்து கூபர் பீடிக்குச் சிறிய விமானம் ஓட்டுவது.

லண்டன் நோர்பரியில் மரக்கறி ஏற்றும் வான் ஓட்டும் குகதாசனுக்குத் தூரம் விளங்கும். றோட்டால் அறுநூற்றுத் தொண்ணூறு கிலோமீற்றர். இங்கிருந்து புறப்பட்டால் எடின்பரோவையும் தாண்டிவிடும். அங்கே இடையில் செம்மண்ணும் ஒன்றிரண்டு பெற்றோல் நிலையங்களும்தான். அவளுடைய ஒற்றை எஞ்சினுக்கு இரண்டரை மணித்தியாலம். இதுவரை பக்கத்தில் ஒரு மூத்த விமானி இருந்தார். பொறுப்பும் கையெழுத்தும் அவருடையவை. வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவள் தனியாகப் பறக்க வேண்டும். காலநிலையைத் தவிர வேறு காரணம் சொல்லிப் பின்வாங்கினால் அந்த இருக்கை இன்னொருவருக்குப் போய்விடும்.

அம்மா தன் தம்பி விஜயரத்தினத்திடம் நாள் பார்க்கச் சொன்னாள். விஜயரத்தினம் மாமா விம்பிள்டன் கோயில் கலண்டரைப் புரட்டி, லண்டன் இராகுகாலத்தை அவுஸ்திரேலிய மணிக்கு மாற்றி, அங்கே அது பின்னேரம் ஆறு மணிக்குத்தான், பிள்ளை காலையில் தாராளமாகப் பறக்கலாம் என்றார்.

இராகுகாலம் அந்தந்த ஊரில் சூரியன் எழும் நேரத்தைக் கொண்டது என்பது மாமாவுக்கு மறந்துபோயிருந்தது. குகதாசன் அலிஸ் ஸ்பிறிங்சின் உதயமும் மறைவும் பார்த்து, பகலை எட்டாகப் பிரித்து, சனிக்கிழமைக்குரிய மூன்றாம் பங்கைக் கணக்கிட்டான். பத்துக்குப் பத்து நிமிடம் இருக்கத் தொடங்குகிறது. பதினொன்று தாண்டும்வரை இராகுதான். அந்த நேரத்தில் தன் வானைக்கூட ஸ்டார்ட் பண்ணாதவன் அவன்.

தங்கச்சிக்குப் போன் அடித்து உள்ளதைச் சொன்னான். அரை மணித்தியாலம் முந்தி வெளிக்கிட ஏலாதோ என்றும் கேட்டான்.

"காத்து வேண்டாமெண்டால் நிப்பன் அண்ணை. கலண்டர் வேண்டாமெண்டால் நிக்கமாட்டன்," என்றாள் பிரசாந்தினி. "மேல இராகு குறுக்கால வந்தால் றேடியோவில சொல்லுவன், விலகட்டும்."

அவன் சிரிக்கவில்லை. ஆனால் அம்மாவிடமும் சொல்லவில்லை.

கூபர் பீடியில் இறங்கிவிட்டேன் என்ற செய்தி வந்த அன்று, தான் பார்த்துக் கொடுத்த நேரத்தின் பலன் இது என்று மாமா எல்லோருக்கும் சொல்லத் தொடங்கினார்.

"மாமா, அவள் நல்ல நேரத்தில ஏறேல்லை," என்றான் குகதாசன். "இராகுகாலத்திலதான் ஏறினவள். தெரிஞ்சுதான் ஏறினவள்."

அம்மா பிள்ளையார் படத்தைப் பார்த்தாள். மாமா கலண்டரைப் பார்த்தார்.

குகதாசன் தங்கச்சி அனுப்பிய படத்தைப் போனில் திறந்து மேசையில் வைத்தான். விமானத்தின் பறப்புப் பதிவுத் தாள். தலைமை விமானி என்ற இடத்தில், முதல்முறையாக, அவளுடைய கையெழுத்து. பக்கத்தில் திகதி: 17 ஓகஸ்ட் 2024. நேரம்: காலை 10.00.