ஸ்வெட்டரில் ஒட்டிய வாசம்

என் மூக்கைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அதை மறைக்கிற பழக்கமும் இல்லை.

ஹட்டன் கடையில் அந்த செண்ட் போத்தலை நான் கேட்டபோது கடைக்கார முஸ்லிம் நானாவே தயங்கினார். "தங்கச்சி, இது பழைய காலத்து மாதிரி. இப்ப உள்ள புள்ளைங்க இனிப்பு வாசம்தான் கேக்குறாங்க" என்றார். மணிக்கட்டில் அடித்துப் பார்த்தேன். முதலில் கசப்பு. இளந்தண்டை நகத்தால் ஒடித்தால் வருமே, அந்தப் பச்சைக் கசப்பு. பிறகு அதற்குப் பின்னாலிருந்து ஒரு வெள்ளைப் பூ எட்டிப் பார்த்தது. மல்லிகை மாதிரி மேலே விழுந்து பழகுகிற பூ இல்லை, மரியாதையாகத் தள்ளி நிற்கிற பூ. பஸ் ஏறி தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது ஈரப் பாசியும் நல்ல சவர்க்காரமும் கலந்த மாதிரி ஒரு வாசம் மட்டும் கையில் மிச்சமிருந்தது. யாரிடமும் குழையாத வாசம். என் குணமும் அப்படித்தான். அடுத்த ஞாயிறே போய் வாங்கிவிட்டேன்.

அம்மா தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர். முகர்ந்துவிட்டுச் சிரித்தார். "நாள் முழுக்க நான் சும்மா சுமக்குற வாசத்தை இவ காசு குடுத்து வாங்கிட்டு வந்திருக்கா பாரு!"

ஆனால் அதை ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் போட முடியும். தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில், தேநீரைச் சுவை பார்க்கும் அறையில் எனக்கு வேலை. தண்ணீர் கொதிக்க வைப்பது, கோப்பைகளை வரிசையாக வைப்பது, கழுவுவது. அங்கே செண்ட் கூடாது, தலையில் பூ கூடாது. தேயிலை எந்த வாசத்தையும் பிடித்துக்கொள்ளும். மேசையின் மறுபக்கம் சுவை பார்க்கும் கரண்டியோடு நிற்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. தொழிற்சாலையைக் கவனிக்கும் டீமேக்கர் எனக்காகப் பேசியிருந்தார். திங்கட்கிழமை கொழும்பிலிருந்து சுவை பார்க்கிறவர் வருவார், அவருக்குத் திருப்தி என்றால் எனக்குப் பயிற்சி கிடைக்கும்.

அதற்கு முந்தைய நாள் இறம்பொடையில் ஒரு கல்யாணம். செண்டைத் தாராளமாகவே அடித்துக்கொண்டு போனேன். திங்கள் காலையில் தலைமுழுகினேன். ஆனால் மூன்று நாள் மழையில் மற்ற ஸ்வெட்டர் காயவில்லை. கல்யாணத்துக்குப் போட்டதையே மாட்டிக்கொண்டேன். பழகிப்போன வாசம் என் கர்வம் பிடித்த மூக்குக்குத் தெரியவே இல்லை.

கொழும்பிலிருந்து வந்தவர் ஒவ்வொரு கோப்பையாக உறிஞ்சித் துப்பிக்கொண்டே போனார். ஐந்தாவதில் நின்றார். மறுபடியும் உறிஞ்சினார். இதில் அருமையான பூ வாசம் இருக்கிறது என்று சிங்களத்தில் சொன்னார். டீமேக்கரின் முகம் மலர்ந்துவிட்டது. அவர்கள் பக்கத்தில் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்த என் கைமேல் ஆவி பட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஸ்வெட்டரின் சூடேறிய கையிலிருந்து வந்த வாசம் அது.

வாயை மூடிக்கொண்டிருந்தால் தோட்டத்துக்குப் பெயர், எனக்குப் பயிற்சி. ஆனால் அம்மா மாதிரி ஆட்கள் மழையில் நனைந்து பறித்த இலைக்கு இரவல் பூ எதற்கு? கோபம்தான் வந்தது, என்மேலேயே. "அது தேயிலை வாசம் இல்லங்க ஐயா, என் ஸ்வெட்டர்" என்று வந்தவரிடம் சிங்களத்திலேயே சொன்னேன்.

"செண்டு போட்டுக்கிட்டா உள்ள வந்த? ஒனக்காக எவ்வளவு பேசியிருக்கேன்!" டீமேக்கர் கத்தினார். ஸ்வெட்டரை வெளியே கழற்றி வைத்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

ஜன்னலைத் திறந்து ஐந்தாவதைப் புதிதாக ஊற வைத்தார்கள். வந்தவர் குடித்துப் பார்த்தார். பூ இல்லை. அந்த செண்டில் என்னென்ன தெரிந்தது என்று என்னைக் கேட்டார். தண்டு, பூ, பாசி என்று வந்த வரிசையிலேயே சொன்னேன். கரண்டியை நீட்டி, இதில் என்ன தெரிகிறது என்றார்.

உறிஞ்சினேன். "கொழுந்து சரியா வாடல. பச்சை மிச்சம் இருக்கு" என்றேன். அரைக்கும் முன் இலையை வாட வைப்பது டீமேக்கரின் பொறுப்பு; அவர் தரையைப் பார்த்தார். வந்தவர் இன்னொரு தரம் சுவைத்துவிட்டுத் தலையாட்டினார். முதல் கோப்பையிலிருந்து ஆரம்பி என்று சொல்லி, நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.

அன்றைக்குக் கோப்பை கழுவ டீமேக்கர் வேறு ஆள் தேட வேண்டியதாயிற்று.