பன்னிரண்டாவது நாற்காலி

வருடத்தில் ஒரு நாள் என் பெரியம்மா ஆண்களின் கால்களைச் சோதனை போடுவார். பெரிய வியாழன் மதியம்தான் அந்த நாள். அன்று சாயங்காலப் பூசையில், இயேசு சீடர்களின் பாதங்களைக் கழுவியதன் நினைவாக, சாமியார் பன்னிரண்டு பேருக்குக் கால் கழுவி, துண்டால் துடைத்து, முத்தமும் கொடுப்பார். கழுவப்போகிற காலை எதற்கு முன்னாலேயே கழுவ வேண்டும் என்று கேட்கும் தைரியம் ஜமுனாமரத்தூரில் யாருக்கும் கிடையாது. சாமியாரின் உதடு படுகிற இடத்தில் சேறு இருந்தால் பெரியம்மாவுக்கல்லவா மானம் போகும்?

"இன்னாடா காலு இது, சேப்பங்கிழங்காட்டம்? போ, கல்லுல தேச்சினு வா" என்று ஜீப் ஓட்டுகிறவரையே திருப்பி அனுப்பினார். மலையைவிட்டு அவசரமாக இறங்க வேண்டுமென்றால் அவருடைய ஜீப்தான் கதி. ஊரே அவரைக் கெஞ்சும். அவரோ பெரியம்மா முன்னால் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடப் பையன் மாதிரி நின்றார்.

எங்கள் சின்னக் கோயிலில் பெரியம்மாவுக்கு ஒரு பதவியும் கிடையாது. அதனால் எல்லா வேலையும் அவருடையதாக இருந்தது. பீடத்துக்குப் பூ வைப்பார், காய்ச்சல்காரர் வீட்டுக்குக் கஞ்சி கொண்டுபோவார், பிரசவத்துக்குக் கீழே இறங்குகிற பெண்ணோடு துணைக்குப் போவார். ஜெபமாலை அடுப்படியிலேயே நடக்கும். ஜெபத்தின் நடுவில் "டேய், பால் பொங்குது பாரு" என்று ஒரு வரி சேர்ந்துகொள்ளும். மாதா அதைத் தப்பாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. மேலூர்களில் புளியும் சாமையும் விளைவிக்கிறவர்கள், எங்கள் கோயில் பக்கமே வராதவர்கள், அவரைக் 'கோயில்கார அம்மா' என்றுதான் சொல்வார்கள்.

நான் ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது, திருப்பத்தூரிலிருந்து லீவுக்குப் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த வருடம் பன்னிரண்டு பேரில் ஒருவர் கீழே சந்தவாசல் போய் பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டார். மலைமேல் கத்தோலிக்கக் கால்களுக்கு எப்போதுமே பஞ்சம். பெரியம்மா சுற்றுமுற்றும் பார்த்தார். பார்வை என் காலில் வந்து நின்றது.

தேங்காய் நாரில் என் கால் தோலுரிந்துகொண்டிருந்தபோது, பெரியம்மாவின் மகன், எனக்கு அண்ணன், காதுக்குள் வந்தான்.

"கடைசி நாற்காலி யாருதுன்னு தெரிமாடா? யூதாசுது. காட்டிக் குடுத்தவன். சாமியாரு அவன் கால தொட்டாருன்னு வையி, தண்ணி கொதிக்கும். போன வருஷம் அதுல குந்துனவருக்குத்தான் இன்னிக்கு பஸ்ஸு போச்சி."

என்னைப் போன்ற அறிவாளிக்கு இந்த ஆதாரம் தாராளம். பெரியம்மாவிடம் ஓடினேன்.

"பெரிம்மா, நான் நடுவுல குந்திக்கட்டா?"

"நடுவுல பெரியவங்க குந்துவாங்க. நீ கடைசில ஒடுங்கிக்கோ."

பூசையில் சாமியார் மண்டியிட்டுக் கழுவ ஆரம்பித்தார். முதல் கால், இரண்டாம் கால், பிறகு ஜீப்காரரின் கால். நான் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதிலிருந்து ஆவி கிளம்பியது! மழை பெய்து குளிராக இருக்கிறது, சாமியாருக்குக் கை விறைக்கும் என்று பெரியம்மா வெந்நீர் கலந்து வைத்திருந்தது எனக்கு எப்படித் தெரியும்? இங்கேயே இப்படியென்றால் என்னிடம் வரும்போது பொங்கி வழியும். நரகம் நாலு நாற்காலி தள்ளி இருந்தபோது எழுந்தேன், பக்கவாசல் வழியாகப் பறந்தேன். யாரும் துரத்தவில்லை. ஆனாலும் துரத்துவது போலவே ஓடினேன்.

வெளியே குழாயடியில் பெரியம்மா உட்கார்ந்திருந்தார். கல்லின்மேல் மேலூர்க்காரர் ஒருவர். புளி உலுக்கப் போன இடத்தில், கீழே கிடந்த கொடுவாளை மிதித்துவிட்டாராம். சேறும் ரத்தமுமாக இருந்த அந்தக் கால் பெரியம்மாவின் மடியில் இருந்தது. திருநாளுக்கென்று எடுத்துக் கட்டியிருந்த வெள்ளைப் புடவை.

"பெரிம்மா, நான்தான் யூதாசு!" என்று அலறினேன்.

அவர் நிமிரவில்லை. "சரி யூதாசு, அந்தச் செம்ப எடுத்து மெதுவா ஊத்து."

ஊற்றினேன். பெரியம்மா விரல் இடுக்கிலிருந்தெல்லாம் மண்ணை எடுத்தார். உதடு ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தது. நடுநடுவே, "வலிக்குதா நைனா?" என்று கேட்டார். "இல்லீங்கம்மா" என்றார் அவர், பல்லைக் கடித்துக்கொண்டு. காயத்தை இறுக்கிக் கட்டி, ரத்தம் நின்றதா என்று பார்த்துவிட்டுப் பெரியம்மா சொன்னார்:

"தையல் போடணும். ஜீப்புக்காரன் உள்ள சீடனா கீறான். பன்னெண்டு காலும் முடிஞ்சாதான் எந்திரிப்பான்." பிறகு என்னைப் பார்த்தார். "அப்ப உன் நாற்காலி காலியாவா கீது?"

நான் தலையை ஆட்டினேன். பெரியம்மா அவர் பக்கம் திரும்பினார்.

"நைனா, இங்க குளுருல குந்தினு இருக்கறதுக்கு உள்ள வந்து குந்து. இன்னொரு காலு நல்லாதான கீது."

"ஐயோ, நான் முருகனக் கும்புடறவன்மா."

"முருகரு இன்னா சொல்லப்போறாரு? அந்தக் கால நீட்டு." அதையும் நார் போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் அவரைத் தாங்கிப் பிடித்து உள்ளே உட்காரவைத்தார்.

நான் பக்கவாசலில் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றேன். சாமியார் கடைசி நாற்காலிக்கு வந்து நிமிர்ந்தார். சின்னப் பையன் இருந்த இடத்தில் இப்போது பெரிய மீசை. ஒரு கணம் பார்த்துவிட்டு மண்டியிட்டார். மீசைக்காரர் பதறிப்போய்க் கைகூப்பி, கோயில் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "வேணாங்க சாமி. அம்மா இப்பதான் கழுவிவுட்டாங்க."

பெண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. சாமியார் பக்கவாசலைத் திரும்பிப் பார்த்தார். அங்கே நான்தான் இருந்தேன். பெரியம்மா குழாயடியில் கல்லில் படிந்திருந்த ரத்தத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். சாமியார் கழுவினார், துடைத்தார், குனிந்து முத்தமிட்டார். தண்ணீர் கொதிக்கவில்லை.

வரிசை முடிந்ததும் ஜீப்காரர் ஒற்றைச் செருப்போடு ஓடிவந்து வண்டியைக் கிளப்பினார். காயம்பட்டவருக்குப் பக்கத்தில் பெரியம்மா ஏறி உட்கார்ந்தார். முழங்கால்வரை புடவை ஈரம்.

"பெரிம்மா, சாமியாரு கால் கழுவுனத நீங்க பாக்கவே இல்லியே!"

"அட்த்த வருஷம் பாத்துக்கலாம்டா. உள்ள போ, மழ வருது."

ஜீப் வளைவில் மறைகிறவரை நின்றேன். அத்தனை கால்களைத் தேய்க்கவைத்து, வெந்நீர் போட்டு, துண்டு மடித்து எல்லாம் செய்துவிட்டு, கால் கழுவுகிற நேரம் பார்த்துப் பெரியம்மா இப்படி வெளியே நின்றுவிட்டாரே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.