கம்ப்யூட்டர் அறையில் மூன்று ஷிப்ட்

கம்ப்யூட்டர் டீச்சர் வேலை என்றால் குளுகுளு அறையில் உட்கார்ந்து பட்டன் தட்டுவது என்று நினைப்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பாதி நாள் தூசி துடைக்க வேண்டும், மீதி நாள் கரண்டுக்குக் காத்திருக்க வேண்டும். இதே வேலையில் தலை நரைத்தவர்களே, நான் சொல்லப்போவது உங்களுக்குப் புரியும்.

தொண்ணூறுகள் முடிகிற சமயம். நெய்வேலி டவுன்ஷிப்பை ஒட்டிய ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் நான் தற்காலிக டீச்சர். எங்கள் பிள்ளைகளின் அப்பாக்கள் பெரும்பாலும் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தார்கள். அம்மாக்கள் முந்திரி உடைக்கப் போவார்கள். ஒன்பதாம் வகுப்பு முடிவதற்குள் நிறைய பெண் பிள்ளைகள் அம்மா பின்னாலேயே முந்திரிக் கொட்டகைக்குப் போய்விடுவார்கள். அதைத் தடுக்கத்தான் தலைமையாசிரியர் அலைந்து திரிந்து கம்ப்யூட்டர் வாங்கி வந்தார்.

எலுமிச்சம்பழம்

ஏதோ ஒரு ஆபீஸில் கழித்துப் போட்ட பழைய கம்ப்யூட்டர்கள் அவை. வந்து இறங்கிய அன்றே வாட்ச்மேன் கோவிந்தன் அண்ணன் திரையில் சந்தனம், குங்குமம் வைத்துவிட்டார். அதோடு விட்டாரா? எலுமிச்சம்பழத்தை அறுத்து, குங்குமம் தடவி, கீபோர்டு மேலேயே வைத்துவிட்டார். சாறு இறங்கி இரண்டு கட்டை அமுங்கியே போயின. நான் கத்தின கத்தலுக்கு அவர் அசரவே இல்லை.

"பொட்டு வெக்காத மிஷினு எந்த ஷிப்ட்டுல மிஸ் ஒழுங்கா ஓடியிருக்குது?"

ரிலீவர்

கம்ப்யூட்டர் குறைவு, பிள்ளைகள் அதிகம். வகுப்பை மூன்று குழுவாகப் பிரித்தேன். பிள்ளைகள் அதற்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட், செகண்ட் ஷிப்ட், நைட் ஷிப்ட் என்று பெயர் வைத்தார்கள். பட்டப்பகலில் நைட் ஷிப்ட்!

ஒன்பதாம் வகுப்பு அமலா ஃபர்ஸ்ட் ஷிப்ட். ஒருநாள் மணி அடித்த பிறகும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. பிடிவாதம் என்று நினைத்து அதட்டினேன். அவளுடைய அப்பா சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் வேலை. அடுத்த ஆள் வந்து நிற்காமல் அவர் பெல்ட்டை விட்டு நகரமாட்டாராம். அடுத்து உட்கார வேண்டிய கஸ்தூரி அன்றைக்குத் தாமதம். அமலா நிதானமாகச் சொன்னாள்:

"ரிலீவர் இன்னும் வரலிங்க மிஸ். மிஷின வுட்டுட்டு எப்பிடி போறது?"

கரண்ட்

கரண்ட் போனால் வகுப்பை நிறுத்தமாட்டேன். இருட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து வெறும் கட்டைகளைத் தட்டுவார்கள். அமலா கண்ணை மூடிக்கொண்டே தட்டுவாள். அவளைப் பார்க்கப் பார்க்க எனக்கு அவ்வளவு பெருமை. கஸ்தூரிக்கோ பொறுமை கிடையாது.

"நம்ப ஊர்லதான் கரண்டு எடுக்கறாங்க. அது நம்ப ஸ்கூலுக்கு வர வழி மட்டும் தெரியலியா மிஸ்?"

டபுள்

அரையாண்டுப் பரீட்சை முடிந்து பள்ளி திறந்தபோது அமலாவைக் காணவில்லை. வடலூர்ப் பக்கம் ஒரு முந்திரிக் கொட்டகைக்கு அம்மா மரியா அழைத்துப் போகிறார் என்று கேள்விப்பட்டேன். சாயங்காலமே கஸ்தூரியைக் கூட்டிக்கொண்டு அமலா வீட்டுக்குப் போனேன். அப்பா ஆரோக்கியம் ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "பொட்டப்புள்ள அங்க குந்திகினு டைப் அடிச்சி இன்னா மிஸ் ஆவப்போவுது? எங்கூட வந்தா எனக்கு ஒத்தாசை" என்றார் மரியா. அமலா கதவோரம் தலைகுனிந்து நின்றாள். விரல் நுனியெல்லாம் முந்திரித் தோட்டின் பால் பட்டுக் கறுத்திருந்தது.

கஸ்தூரி குறுக்கே புகுந்தாள். "அமலா வராததால அவ ஷிப்ட்டும் நானே பாக்கறேன் மாமா." உண்மையில் அந்தக் கூடுதல் நேரத்தை அவள் கொண்டாடிக்கொண்டிருந்தாள். அதை நான் ஏன் சொல்ல வேண்டும்? ஆரோக்கியத்தின் கை தட்டில் நின்றது. ரிலீவர் வராமல் இரண்டு ஷிப்ட் சேர்த்து, கால் வீங்க டபுள் பார்த்த மனிதர் அவர். மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"நம்ப வூட்டு ஆளு போவாம இன்னொரு புள்ள டபுள் பாக்குதா? நாளையிலேர்ந்து அவ டூட்டிக்குப் போவட்டும்."

குரூப்

அமலா பத்தாம் வகுப்பு நல்ல மார்க்கில் தேறினாள். எங்கள் பள்ளியிலேயே பிளஸ் ஒன் சேர்க்க, அன்றைய முந்திரி வேலையை விட்டுவிட்டு மரியாவே வந்திருந்தார். கம்ப்யூட்டர் குரூப்பில் கணக்குப் பாடம் கஷ்டம், வரலாறு குரூப் எடுக்கட்டுமே என்று தலைமையாசிரியர் நல்ல மனதோடுதான் சொன்னார். நான் வாயைத் திறப்பதற்குள் மரியா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தார். எனக்குச் சட்டென்று கண் கலங்கிவிட்டது.

"எம்பொண்ணு கம்ப்யூட்டர்ல வேல கத்துகினவ சார். அவள வேற டிபார்ட்மென்டுக்கு மாத்தாதீங்க."

கடைசிவரை தற்காலிக டீச்சராகவே இருந்து வீட்டுக்கு வந்தவள் நான், ஆனால் பள்ளிக்கூடத்தில் ஒரு பெண்ணைப் பர்மனென்ட் ஆக்கிவிட்டுத்தான் வந்தேன் என்று யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.