சினென்சிஸ் என்றால் எந்த ஊர்?

இன்று ஹட்டனிலிருந்து மஸ்கெலியாவுக்கு பஸ்ஸில் வரும்போது, பக்கத்து சீட்டில் இருந்த அம்மா என் மகளிடம் பேச்சுக் கொடுத்தார்.

"இன்னிக்கு ஸ்கூல் இல்லையா பாப்பா?"

"நான் வீட்டுலதான் படிக்கிறேன். அம்மா லத்தீன் சொல்லித் தர்றாங்க."

"அது எந்த ஊரு பாஷை?"

"பழைய ரோம் பாஷை. இப்ப யாரும் வீட்டுல பேசுறதில்ல."

அவர் என்னைப் பார்த்த பார்வையில், பிள்ளையின் படிப்பைப் பாழாக்குகிறேனோ என்று எனக்கே தோன்றிவிட்டது. அடிக்கடி வரும் சந்தேகம்தான்.

பிறகு, "நான் கொழுந்து பறிக்கிறேன். தேயிலைக்கு அதுல என்ன பேரு?" என்று கேட்டார்.

"கமேலியா சினென்சிஸ். சினென்சிஸ்னா சீனாவைச் சேர்ந்தது."

அவர் ஜன்னல் வழியே மலையைப் பார்த்தார்.

"அதுவும் எங்க பாட்டன் பூட்டன் மாதிரி வெளியிலேருந்து வந்ததுதானா? அதுக்கிட்ட யாரும் நீ எந்த ஊருன்னு கேக்கிறதில்லையே."

மகள் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்.

"அப்ப நாம எல்லாரும் மஸ்கெலியென்சிஸ். மஸ்கெலியாவைச் சேர்ந்தவங்க."

அந்த அம்மா அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துச் சிரித்தார். இறங்கும்போது, "நல்லா சொல்லிக் குடுங்கம்மா" என்றார்.

இலக்கணம் ஓரளவு சரிதான். ஹட்டன், வலப்பனைக்காரர்கள் உங்கள் லத்தீன் பெயரை நீங்களே கீழே கமெண்டில் வைத்துக்கொள்ளுங்கள்.