ஐப்பசி மழையை விட்ட வரைபடம்

வாஷியில் நிலவரைபட அலுவலகம் ஒன்றில் எனக்கு ஒப்பந்த வேலை. மண், சரிவு, மழை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு அடுக்கு. கணினியில் ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றினால், எந்த நிலம் தானியத்துக்கு ஆகும், எது ஆகாது என்று நிறம் காட்டும். பச்சைக்கு விதை மானியம் உண்டு. சிவப்புக்குக் கிடையாது.

போன வருஷம் திருநெல்வேலிப் பக்கத்துத் தாலுகா ஒன்று கம்புக்கு ஆகுமா என்று பார்க்க வந்தது. ஓட்டிப் பார்த்தால் முழுக்கச் சிவப்பு. அதற்குள் என் அத்தையின் புஞ்சையும் இருந்தது. அங்கே விளைந்த கம்பு வருஷா வருஷம் மூட்டையாகத் தாராவியில் எங்கள் வீட்டுக்கு வருகிறது. அதைத் தின்று வளர்ந்த உடம்பு இது. அதுவா தகுதியற்ற நிலம்? எனக்கு எரிச்சல் தாங்கவில்லை.

மதிய இடைவேளையில் அத்தைக்குப் போன் போட்டு, ஜூனில் மழை எப்படி என்று கேட்டேன்.

“ஏட்டி, ஆனி ஆடியில காத்துதான அடிக்கும்? மழை ஐப்பசியிலல்லா. நாங்க வெதைக்கதே புரட்டாசியிலதாம்.”

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று ஆயிரம் தடவை கேட்டவள்தான். ஆனால் தாராவியில் பிறந்தவளுக்கு மழை என்றால் ஜூன் முதல் செப்டம்பர் வரைதான். முழங்கால் தண்ணீரும் நின்றுபோன லோக்கல் ரயிலும்தான். இந்தப் பக்கத்துக்காகச் செய்த அந்த நான்கு மாத மழையடுக்கை யோசிக்காமல் ஏற்றியவள் நானே. வெட்கமாக இருந்தது. அக்டோபர் முதல் டிசம்பர் வரையான மழையை எடுத்து மறுபடி ஓட்டினேன். பாதித் தாலுகா பச்சையானது, அத்தையின் புஞ்சையும் சேர்த்து. அத்தை சொன்னதைச் சொல்லி மேலதிகாரியிடம் காட்டினேன்.

எல்லா ஊருக்கும் ஒரே அளவுகோல்தான், சொந்தக்காரர்களுக்காக மழையை மாற்றாதே என்று மேலதிகாரி இந்தியில் சொன்னார். மழையை மாற்றியது நானல்ல, நம் அடுக்குதான் என்றேன். சிவப்பு வரைபடம் போவதானால் தயாரித்தவர் என்ற இடத்தில் என் பெயர் கூடாது என்றும் சொன்னேன். ஒப்பந்தம் மார்ச்சோடு முடிகிறது என்று நினைவூட்டினார். முடியட்டும் என்று அந்தத் தாலுகாவின் மழைப் பதிவுகளை அவர் மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போக ஜி.டி.பி. நகருக்கு ரயில் ஏறினேன்.

மூன்று நாள் அவர் அந்தப் பதிவுகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். நான்காம் நாள் மானியம் தரும் துறைக்குப் பச்சை வரைபடமே போனது. திறந்து பார்த்தேன். தயாரித்தவர் என்ற இடத்தில் அவர் பெயர்.

“நெலம் தப்பிச்சிட்டுல்லா, விடுட்டி” என்றாள் அத்தை.

விடுவதா? தப்பாக இருந்தபோது என் பெயரை எடுக்கச் சொன்னேன், எடுக்கவில்லை. சரியானதும் கேட்காமலே எடுத்துவிட்டார். என் பெயரைத் திரும்பப் போடச் சொல்லி அன்றே எழுதி, வரைபடம் பெற்ற துறைக்கும் ஒரு நகல் அனுப்பினேன்.