தம்பியின் வீரனுக்கு நான் ஏற்றிய மருந்து

என் தம்பி லாரி ஓட்டியவன். மலாக்காவிலிருந்து சிங்கப்பூருக்கும் ஈப்போவுக்கும் சரக்கு ஏற்றிக்கொண்டு போவான். நாற்பது வயதைத் தாண்டிய பிறகு, கியர் மாற்றும் இடது கை நழுவத் தொடங்கியது. தசைகளை இயக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகப் பட்டுப்போகும் நோய் என்றார் டாக்டர். மருந்து கிடையாது என்பதை இரண்டு முறை சொன்னார். நான்தான் இரண்டு முறை கேட்டேன்.

செமாபோக்கில் தனியாக வாடகைக்கு இருந்தவனைக் காஜா பேராங்கில் எங்கள் வீட்டு முன்னறைக்கு அழைத்து வந்தோம். இரண்டு பெட்டித் துணியும் ஒரு பழைய கம்ப்யூட்டரும் கொண்டுவந்தான். அதை விற்ற சீனர் சும்மா கொடுத்தது என்று அதில் ஒரு விளையாட்டு இருந்தது. கத்தி பிடித்த ஒரு வீரன் பூமிக்கடியில் தளம் தளமாக இறங்குவான். மொத்தம் ஒன்பது தளங்கள். கடைசியில் இரண்டு தலை மிருகம் ஒன்று நெருப்புக் கக்கிக்கொண்டு காத்திருக்கும்.

நாடு சுதந்திரம் அடைந்த காலத்தில் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவர்கள் நாங்கள். எனக்கு அந்தப் பெட்டியைக் கண்டாலே பயம். அவனோ காலையில் முகம் கழுவியதும் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவான்.

"வேற ஒன்னும் வேணாண்ணே. அந்த மிருகத்த நானே வெட்டணும். என் கையால."

ஆறாவது தளத்தில் அவன் வீரன் சாகத் தொடங்கினான். ஆட்டம் மாறவில்லை, விரல்தான் தாமதமாகிவிட்டது. ஒரே அறையில் பதினோரு முறை செத்ததை நான் பின்னால் நின்று எண்ணினேன். எண்ணுவது எனக்குப் பழக்கம். மருந்துக் கிடங்கில் இருப்புக் கணக்குப் பார்த்து வந்தவன் நான். விசிறி சுற்றினால் அதன் இறக்கைகளைக்கூட எண்ணுவேன்.

ஆட்டத்தை நிறுத்தும்போது வீரனின் நிலைமை ஒரு கோப்பாகச் சேமிக்கப்படும் என்றும், அதைத் திறந்து எண்களை மாற்றலாம் என்றும் கம்ப்யூட்டர் விற்ற சீனர்தான் சொன்னார். அதற்கான ஒரு புரோகிராமையும் டிஸ்க்கெட்டில் போட்டுத் தந்தார். திறந்து பார்த்தால் பக்கம் பக்கமாக வெறும் எண்கள். அவற்றில் எது எதற்கு என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. தம்பியிடம், வீரனுக்கு ஒரே ஒரு மருந்துப் புட்டி வாங்கச் சொன்னேன். வாங்குவதற்கு முன் சேமித்த கோப்பையும் பின் சேமித்ததையும் தாளில் பிரதி எடுத்து வரி வரியாக ஒப்பிட்டேன். பணம் குறைந்த இடம் ஒன்று. ஆறு ஏழான இடம் ஒன்று. அந்த ஏழுதான் புட்டி. கிடங்கில் சரக்கு எண்ணுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

"எல்லாத்தையும் ஏத்திடவா?" என்று கேட்டேன்.

"வேணா வேணா. கத்தியத் தொடாதீங்க. அது நான் நாலாவது தளத்துல சண்ட போட்டு வாங்கினது. மருந்து மட்டும் பத்து போடுங்க."

பத்துதான் போட்டேன். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "என்னண்ணே, ஸ்டோர்ல திருடிட்டு வந்த மாதிரி முழிக்கிறீங்க?"

அதற்குப் பிறகு அவன் கை குறையக் குறைய அனுமதி கூடியது. முதலில் மருந்து மட்டும். பிறகு கவசம். தீபாவளி கழிந்து வேகம். ஒவ்வொன்றையும் அவன் வாய்விட்டுக் கேட்பதற்கு முன் சில நாள் தள்ளிப்போடுவான். கேட்ட அன்று சரியாகச் சாப்பிடமாட்டான். டாக்டர் சொல்லாததை எல்லாம் எனக்கு அந்த எண்கள் சொல்லின. கத்தியைப் பற்றி மட்டும் அவன் கேட்கவே இல்லை.

ஏழாவது தளத்தில் உயிரின் அளவை இருநூறாக்கச் சொன்னான். எனக்கு மனம் கேட்கவில்லை. அந்த இடம் கொள்ளக்கூடிய மிகப் பெரிய எண் இருநூற்று ஐம்பத்தைந்து என்று தெரிந்துகொண்டு அதையே போட்டுவிட்டேன். அடுத்த அறையில் வீரன் ஒரு பழத்தை எடுத்துத் தின்றான். அது உயிரைக் கூட்டும் பழம். இருநூற்று ஐம்பத்தைந்துக்கு மேல் ஒன்று கூடியதும் எண் சுற்றிப் பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. யாரும் தொடாமல், நின்ற இடத்திலேயே வீரன் விழுந்தான்.

தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். "எவ்வளவு போட்டீங்க?"

சொன்னேன்.

"பழம் தின்னு செத்த வீரன் உலகத்துலயே நம்ம ஆள்தான்லா!" என்று சிரித்தான். சிரிப்பு இருமலானது. இருமல் நிற்கவில்லை. என் மனைவி ஓடிவந்து முதுகைப் பிடிக்க, நான் அவன் தலையைத் தாங்கிக்கொண்டேன். விழுங்குவதும் கஷ்டமாகிவிட்டது என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. மறுநாள் முதல் சோற்றை அரைத்துக் கொடுத்தோம்.

ஒன்பதாவது தளத்துக்கு வந்தபோது அவனிடம் ஒரு விரல் இருந்தது. வலது ஆள்காட்டி விரல். நகர்வதற்கு ஒரு கை வேண்டும், வெட்டுவதற்கு ஒரு விசை.

"நீங்க நடக்க வைங்க. நான் வெட்டுறேன்."

ஒரு விசைப்பலகையில் இரண்டு பேர். நான் வீரனை நேராக நெருப்புக்குள் கொண்டுபோய் நிறுத்துவேன்.

"அண்ணே, அது நெருப்பு. பசாருக்கு மீன் வாங்கவா போறீங்க, நேரா நடக்கிறதுக்கு? பின்னால வாங்க. பின்னால!"

"வந்துக்கிட்டுத்தான்டா இருக்கேன்."

"நீங்க வர்றதுக்குள்ள அதுக்கு மூனாவது தல முளைச்சிடும்."

கத்தியின் எண்ணை உயர்த்தினால் ஒரே வெட்டில் முடிந்துவிடும் என்றேன். "நீங்க நடக்க வைங்கண்ணே" என்றான். ஆறு நாள் அப்படி விளையாடினோம். ஏழாம் நாள் பிற்பகல், மிருகத்தின் ஒரு தலை விழுந்தது. மற்றொன்றுக்கு இன்னும் ஒரு வெட்டுதான். நான் சரியான இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். முதல் முறையாகச் சரியாக நிறுத்தினேன்.

வெட்டு விழவில்லை. குனிந்து பார்த்தேன். விரல் விசையின் மேலேயே இருந்தது. கீழே போகவில்லை.

"நான் அமுக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"வேணாண்ணே."

மிருகம் நெருப்பைக் கக்கியது. கம்ப்யூட்டரை அணைத்துவிடச் சொன்னான்.

இரண்டு நாள் அந்தப் பெட்டியின் பக்கம் அவன் திரும்பவில்லை. மூன்றாம் நாள் கூப்பிட்டான். குரலும் அப்போது குழறத் தொடங்கியிருந்தது.

"நீங்க ஏத்தினத எல்லாம் எடுத்துடுங்க. என்னோடத மட்டும் வைங்க. அவன மேல கூட்டிட்டுப் போயி, ஊர்ல, ஆட்டம் ஆரம்பிச்ச அந்தச் சத்திரத்துல விட்டுடுங்க. போதும்."

வேகத்தைக் குறைத்தேன். கவசத்தையும் உயிரையும் பழைய எண்ணுக்குக் கொண்டுவந்தேன். மருந்துக்கு வந்தபோது கை நின்றுவிட்டது. அவன் வாங்கியது இத்தனை, நான் ஏற்றியது இத்தனை, குடித்தது இத்தனை என்று கழித்துப் பார்த்தேன். வீரன் தன் சொந்தப் புட்டிகளைவிட முப்பத்தொன்று அதிகமாகக் குடித்திருந்தான். பூஜ்யத்துக்குக் கீழே ஓர் எண்ணை எழுத அந்தக் கோப்பில் வழியில்லை. பூஜ்யம் போட்டேன்.

"கணக்கு சரியா வருதா?" என்றான்.

"வருது."

"பொய் சொல்றீங்க. கண்ணாடியக் கழட்டிட்டீங்க."

முப்பத்தொன்று குறைகிறது என்றேன்.

"முப்பத்தொன்னுதானா? நான் நூறுக்கு மேல இருக்கும்னு நெனச்சேன்."

தளத்தின் எண்ணை மாற்றி வீரனை மேலே கொண்டுவந்தேன். திரையை அவன் பக்கம் திருப்பி வைத்தேன். சத்திரத்து வாசலில் வீரன் கத்தியுடன் நின்றுகொண்டிருந்தான். என் மனைவி கஞ்சி கொண்டுவரும்வரை தம்பி அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "மூடுங்கண்ணே" என்றான். அதன்பின் கம்ப்யூட்டரைப் போடச் சொல்லி அவன் கேட்கவில்லை. அந்த வருடம் மழை நிற்பதற்குள் அவன் போய்விட்டான்.